முட்டியைக் கழற்றினால்தான் பேடு ஓயும்

பட்ஜி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இம்முறை முழுக்க "லவ் பேர்ட்ஸ்" பற்றியவை. கடைகளில் அந்தப் பெயரில் விற்பது அவுஸ்திரேலியப் பறவையான பட்ஜரிகர், சுருக்கமாகப் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்கக் கிளி. இரண்டையும் ஒரே கூட்டில் விட்டால் பட்ஜியின் கால்விரல்கள் தப்பாது. கீழே உள்ளவை பட்ஜிக்கு மட்டும்.

கேள்வி: ஒரு சோடி வாங்கி எட்டு மாதமாகிறது. ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன. முட்டையிடக் கட்டிய மண்முட்டிக்குள் பத்து முட்டைகள் கிடக்கின்றன. ஒன்றும் பொரிக்கவில்லை. (வாசகி, உவர்மலை)

பதில்: பத்து என்ற கணக்கே இடிக்கிறது. பேடு ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் முட்டையிடும். ஒரு தடவைக்கு நாலு முதல் ஆறு, மிஞ்சினால் எட்டு. ஒரே நாளில் இரண்டு முட்டைகள் புதிதாகக் கண்டிருந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு பேடுகள். ஊட்டுவதை நம்பாதீர்கள், துணையில்லாத இரண்டு பேடுகளும் அதைச் செய்யும், இரண்டு ஆண்களும் செய்யும். மூக்குத் துவாரத்தைச் சுற்றியுள்ள சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நல்ல நீலம். பேட்டுக்கு வெள்ளையோ வெளிறிய நீலமோ இருக்கும், முட்டைப் பருவத்தில் தடித்து மண்ணிறமாகும். சிவப்புக் கண் கொண்ட மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கும் நீலம் வராது. இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவே நிற்கும். கடைக்காரரே ஏமாறுகிற இடம் அது.

சோடி சரியானதென்றால் அடுத்தது கம்பு. 12 முதல் 15 மில்லிமீற்றர் தடிப்பில் மரக்கம்பு இரண்டு வையுங்கள். இரு முனையும் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். ஆடும் கம்பிலோ வழுக்கும் பிளாஸ்ரிக் குழாயிலோ இணையும்போது ஆண் சறுக்கிவிடும். முட்டையில் கரு தங்காது. அடைகாக்கத் தொடங்கி ஏழாம் நாள் இரவு முட்டையின் பின்னால் தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தால், கருவுள்ளதில் சிவப்பு நரம்புகள் சிலந்திவலைபோல் தெரியும். வெறும் மஞ்சளாய்த் தெரிவது கூழ்முட்டை. எல்லாமே கூழாக இருந்தாலும் உடனே எறியாதீர்கள். எடுத்தால் பேடு அடுத்த கிழமையே புதிதாக இடத் தொடங்கும், உடம்புதான் கரையும். இருபது நாள் இருந்து பார்த்து, தானே சலித்து எழும்பட்டும்.

கேள்வி: பேடுகள் நன்றாக அடைகாக்கின்றன. யூலையில் வைத்த முட்டைகளில் குஞ்சு முழுதாய் வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. தைமாதத்தில் இப்படி நடக்கவில்லை. (வாசகர், சாம்பல்தீவு)

பதில்: கச்சான் காற்றின் வேலை. மே முதல் ஓகஸ்ட் வரை அந்த வரட்டுக் காற்று முட்டையின் ஈரத்தை ஓட்டின் நுண்துளைகள் வழியே உறிஞ்சிவிடும். உள்சவ்வு தோல்போல இறுகி, குஞ்சு திரும்ப முடியாமல் ஒட்டிக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழ் கூடு தொங்கினால் முட்டியின் உட்புறம் நண்பகலில் அவிந்துபோகும்.

கூட்டைக் கிழக்குப் பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றி, காற்று வரும் பக்கம் நனைத்த சணல்சாக்கைத் தொங்கவிடுங்கள். முட்டை மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். காலையில் தட்டையான பாத்திரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். பேடு குளித்து, வேண்டிய ஈரத்தை இறகில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சிறகை உடம்பிலிருந்து விலக்கி, வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் எல்லை கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைவிட நல்ல வழி நாட்காட்டிதான். தைப்பொங்கல் கழிந்ததும் முட்டியைக் கட்டினால் ஏறக்குறையப் பத்தாம் நாள் முதல் முட்டை, அதிலிருந்து 18 முதல் 20 நாளில் முதல் குஞ்சு, மேலும் 30 முதல் 35 நாளில் அது வெளியேறும். இரண்டு தடவை பொரித்து முடிய மே நடுப்பகுதி ஆகும். அத்தோடு முட்டியைக் கழற்றிவிடுங்கள். மார்கழி மழைக்காலமும் எங்கள் கணக்கில் ஓய்வுக்காலம்தான். அப்போது தினையில் பூஞ்சணம் பிடிப்பதைக் கவனிப்பதே பெரிய வேலை.

கேள்வி: நாலாவது தடவை முட்டையிட்ட பேடு, கூட்டின் அடியில் சிலிர்த்துக்கொண்டு வாலை மேலும் கீழும் ஆட்டியது. மறுநாள் காலை இறந்துவிட்டது. வயிற்றில் முட்டை கல்லுப்போல் இருந்தது. (வாசகி, கிண்ணியா)

பதில்: முட்டை அடைத்துவிட்டது. உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது: நாலாவது தடவை. 35 கிராம் நிறையுள்ள பறவை இடுகிற ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய 2 கிராம். ஓட்டுக்கான கல்சியம் தீனியில் இல்லாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசை இயங்காது. தினை மட்டும் தின்னும் பேட்டுக்கு இது எளிதில் வரும். பத்து மாதம் நிறையாத பேட்டுக்கும், ஓட இடமில்லாமல் கொழுத்ததற்கும் அப்படியே.

மறுபடி நடந்தால் மணித்தியாலக் கணக்கில் முந்த வேண்டும். சிறிய பெட்டியில் துணி விரித்து, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்து, 30 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். எல்ஈடி மின்குமிழ் சூடு தராது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஓரத்தில் ஈரத்துணி. வயிற்றை அமுக்கவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கடினம். கால்நடை வைத்தியர் கல்சியம் ஊசி போட்டால் பல பேடுகள் தாமாகவே இட்டுவிடும்.

கல்சியத்துக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. நிலாவெளிக் கரையில் கணவாய் ஓடு சும்மா ஒதுங்கிக் கிடக்கிறது. எண்ணெய் படாத வெள்ளை ஓடாகப் பொறுக்கி, நாலு நாள் நல்ல தண்ணீரில், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவிடுங்கள். உப்பு போகாமல் கொடுத்தால் பறவை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மெதுவான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பு அருகே கட்டுங்கள். பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து நொறுக்கிய கோழிமுட்டை ஓடும் உதவும். காலை வெயில் கண்ணாடி வழியே அல்லாமல் நேரே படட்டும், உண்ட கல்சியம் உடம்பில் சேர அது வேண்டும்.

பேட்டுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போதும். முட்டி கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது ஓயாது.

கேள்வி: பலகையில் பெட்டி அடித்துக் கொடுத்தேன். மூன்று குஞ்சுகளுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டன. (வாசகர், தம்பலகாமம்)

பதில்: அடிப்பலகையைக் குழித்தீர்களா? வழுவழுப்பான தட்டைப் பலகையில் கால் ஊன்ற முடியாது. பேட்டின் பாரமும் மேலே அழுத்தும். நீளம் 25, அகலம் 15, உயரம் 18 சென்ரிமீற்றர். வாசல் நாலரை சென்ரிமீற்றர். வாசலுக்கு எதிர்ப்புற முனையில் 2 சென்ரிமீற்றர் ஆழக் குழி, அதன் மேல் மருந்து தோயாத மரச்சீவல். குழி வாசலுக்கு நேரே இருந்தால் பேடு முட்டை மேலேயே குதிக்கும். இரண்டு கிழமைக்கு உட்பட்ட குஞ்சென்றால் மெல்லிய ஒட்டுநாடாவால் இரு காலையும் இயல்பான இடைவெளியில் பிணைத்துவிடலாம். பெரும்பாலும் ஒரு கிழமையில் நேராகும். ஒரு மாதக் குஞ்சுக்குப் பலிக்காது.

கேள்வி: சொண்டைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, தேன்வதைபோல் துளைதுளையாக. (வாசகி, பாலையூற்று)

பதில்: தோலைக் குடையும் சிற்றுண்ணி. சுரண்ட வேண்டாம். மருந்தகத்தில் கிடைக்கும் திரவப் பரபினைப் பஞ்சுக்குச்சியால் மெல்லியதாகத் தினமும் பூசுங்கள், மூக்குத் துவாரத்தை அடைக்காமல். முழுத் தீர்வு ஐவர்மெக்ரின். பறவையை நிறுத்துப் பார்த்து வைத்தியர்தான் துளிக்கணக்கில் தர வேண்டும். மாட்டுக்கு வாங்கியதைப் பங்குபோட்டால் பறவை செத்துவிடும். அதே கூட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் மருந்து. மரக்கம்புகளை எரித்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கேள்வி: கடற்கரை வீடு. கம்பிவலை வருடத்துக்குள் கறல் பிடிக்கிறது. புதிது அடிக்கப் போகிறேன். (வாசகர், திருக்கடலூர்)

பதில்: அரை அங்குலக் கண் போதும். புதிய வலையின் நாகப்பூச்சை (பாம்பல்ல, துத்தநாகம் என்ற உலோகம்) பட்ஜி கொறித்தால் நஞ்சாகும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து தும்புத்தூரிகையால் தேய்த்து, கழுவி, சில கிழமை வெயிலிலும் காற்றிலும் விட்டபின் பறவையை விடுங்கள். இரண்டு அங்குல இடைவெளியில் வெளியே இன்னொரு வலை அடித்தால் பூனையின் நகம் கால்விரலை எட்டாது. கூட்டின் கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் வைத்தால் எறும்பு ஏறாது.

கேள்வி: சிவப்புக் கண் மஞ்சள் ஆணுக்குப் பச்சைப் பேடு. குஞ்சுகளில் மூன்று மஞ்சள், இரண்டு பச்சை. ஆண் எது, பேடு எது? (வாசகர், மூதூர்)

பதில்: மஞ்சள் மூன்றும் பேடு, பச்சை இரண்டும் ஆண். இந்த நிறம் ஆண், பெண் என்ற பாலோடு சேர்ந்தே கடத்தப்படுகிறது. பேடு அதைத் தகப்பனிடமிருந்து மட்டும் பெறும். பச்சை ஆண் மஞ்சளை உள்ளே மறைத்து வைத்திருக்கும். மாற்றிப்போட்டு மஞ்சள் பேட்டுக்குக் கலப்பில்லாத பச்சை ஆணைச் சேர்த்தால் ஒரு மஞ்சளும் வராது. இந்தச் சோடியின் அடுத்த குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொரித்த முதல் நாட்களிலேயே, மூடிய இமைத்தோலின் ஊடே கண் கறுப்பாகத் தெரியாமல் சிவந்து தெரிந்தால் அது பேடு.