கைமா மெஷின் வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காதீர்கள், பிளேடைப் பாருங்கள்

கேள்வி: "வெளிநாட்டு வீடியோக்களில் மான் கறியை வீட்டிலேயே மெஷினில் போட்டு அரைக்கிறார்கள். அதுபோல ஒன்று வேலூரில் எங்கள் வீட்டுக்கு வாங்கலாமா? 2000 வாட்ஸ் என்று போட்டது மலிவாகக் கிடைக்கிறது, போதுமா?"

மான் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே லைசென்ஸ் எடுத்து, சீசனில் சுட்டதை வீட்டில் வைத்து அரைக்கிறார்கள். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மான், காட்டுப்பன்றி, காட்டு முயல் எதுவும் ஆகாது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் யாராவது பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள், வாங்கியவர் மேலும் வழக்கு வரும். ஆனால் மெஷினைப் பொறுத்தவரை மான் கறியும் நம் வெள்ளாட்டுக் கறியும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் கொழுப்பு குறைவு, ஜவ்வு அதிகம். அவர்களுக்கு வரும் தொல்லை அப்படியே நமக்கும் வரும்.

நீங்கள் பக்ரீத்துக்கோ குலதெய்வத்துக்கோ கிடா வெட்டும் வீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாதம் ஒருமுறை அரைக் கிலோ கைமா மட்டும்தான் என்றால் மெஷினே வேண்டாம், கறிக்கடை பாயிடம் சொன்னால் புளியமரக் கட்டையில் வைத்துக் கொத்திக் கொடுத்துவிடுவார். உயிரோடு 20 கிலோ நிற்கும் கிடாவில் எலும்போடு 10 கிலோ வரும், எலும்பு நீக்கினால் ஆறரை, ஏழு. குழம்புக்கும் பிரியாணிக்கும் போக அரைக்க மிஞ்சுவது மூன்று, நான்கு கிலோ. உங்கள் தேவை இந்த அளவுதான். இதற்கு 32ஆம் நம்பர் மெஷின் வாங்கி வைத்தால் லாஃப்ட்டில்தான் தூங்கும்.

நம்பர் என்பது சல்லடைத் தட்டின் அகலம். 5ஆம் நம்பர் சுமார் 54 மில்லிமீட்டர், 8 என்றால் 62, 12 என்றால் 70, 22 என்றால் 82. வீட்டுக்கு 8 அல்லது 12. இரண்டில் எது என்றால் 12 என்பேன். கறித் துண்டு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வாயில் சிக்காது.

இப்போது அந்த 2000 வாட்ஸ். மெஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருப்பது, கறியைப் பிளேடுக்குத் தள்ளும் ஸ்க்ரூ இறுகி மோட்டார் நின்றுபோகும் அந்த நொடியில் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. ஓடும்போது இழுப்பது அடி ஸ்டிக்கரில் 300, 350, 500 என்று சின்னதாக இருக்கும். நம்பிக்கை வரவில்லையா, பிளக்கைப் பாருங்கள். 6 ஆம்பியர் சின்னப் பிளக். 230ஐ 6ஆல் பெருக்கினால் 1380. இதில் 2000 வாட்ஸ் எந்த வழியாக உள்ளே போகும்? அதே ஸ்டிக்கரில் 'கேபி 10 மினிட்ஸ்' மாதிரி ஒன்று இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டாதே என்று பொருள். மூன்று கிலோவுக்கு 350 வாட்ஸ் நிஜமாகவே போதும். பெட்டியில் பொய் சொல்வதுதான் எனக்கு ஆகவில்லை.

வேலையைத் தீர்மானிப்பது பிளேடும் தட்டும்தான். நான்கு கை உள்ள பிளேடு தட்டு மேல் ஒட்டிச் சுழல வேண்டும், கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி. நடுவில் ஒரு தாள் அளவு இடைவெளி வந்தாலும் கறி வெட்டுப்படாது, நசுங்கும். நல்ல மெஷினில் கறி துளை துளையாக, நூல் நூலாகத் தனித்து விழும். கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், இறைச்சி சிவப்பாகத் தெரியும். கெட்ட மெஷினில் எல்லாம் கலந்து சாம்பல் நிறத்தில் பசையாக வழியும். அதில் கோலா உருண்டை பிடித்தால் எண்ணெயில் போட்டதும் கொழுப்பு பிரிந்து, வெளியே கறுத்து, உள்ளே சக்கையாகிவிடும்.

பசையாக வருகிறது என்று மெஷினை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் பிளேடைத் திருப்பி மாட்டியவர்கள். தட்டையான பக்கம், வெட்டும் ஓரம் உள்ள பக்கம், தட்டைப் பார்த்து இருக்க வேண்டும். வளைந்த முதுகு ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும். மாட்டிப் பார்த்தால் இரண்டு விதமாகவும் உட்காரும், அதுதான் சிக்கல். அடுத்தது, தட்டை முன்னால் இறுக்கிப் பிடிக்கும் ரிங். தளர்வாக இருந்தால் நசுங்கும், கறி இல்லாமல் இறுக்கி ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசிக் கறுப்புப் பொடி விழும். கையால் இறுகும்வரை திருப்பி, முதல் கைப்பிடி கறி வெளியே வரத் தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். வெறும் மெஷினை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

மழுங்கிவிட்டால் சாணை பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் கத்திக்குச் சக்கரம் வைத்திருக்கிறார். அதில் பிடித்தால் நான்கு கையும் நான்கு உயரம் ஆகிவிடும், அப்புறம் அது எந்தத் தட்டிலும் ஒட்டாது. ஒரு கண்ணாடித் துண்டு மேல் 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரம் தாங்கும் உப்புத்தாள்) விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிளேடின் தட்டையான பக்கத்தை 8 எழுதுவதுபோல் தேயுங்கள். முதலில் மார்க்கர் பேனாவால் அந்தப் பக்கம் முழுக்கக் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் நான்கு கையிலும் ஒரேபோல் அழிந்தால் மட்டம். ஒரு கையில் மட்டும் மை நின்றால் அது பள்ளம், இன்னும் தேய்க்க வேண்டும். பிறகு 800ஆம் நம்பரில் ஒரு கை. தட்டுக்கும் இதே வைத்தியம்தான். ஒரு பிளேடு ஒரு தட்டோடு ஓடிப் பழகியிருக்கும், தட்டுக்குத் தனித்தனி பிளேடு இருந்தால் ஜோடி மாற்றாதீர்கள்.

ஜவ்வு. தொடைக் கறி மேல் வெள்ளியாக மின்னுகிற தோலையும் நரம்பையும் கத்தியால் உரித்து எறிந்துவிட்டுத்தான் போட வேண்டும். அது வெட்டுப்படாமல் பிளேடைச் சுற்றும், சுற்றினால் பிளேடு தட்டை விட்டு எழும்பும், மறுபடியும் பசை. பாதியில் வேகம் குறைந்தால் கறியை மேலே வைத்து அழுத்தாதீர்கள். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ரிங்கைத் திறந்தால் பிளேடைச் சுற்றி ஒரு வெள்ளைக் கயிறு இருக்கும்.

அடுத்து சூடு. நம் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. மே மாதச் சமையலறையில் கொழுப்பு மெஷினுக்குள் போகும் முன்பே இளகிவிடும். கோழிக்கொழுப்பு சீக்கிரம், ஆட்டுக்கொழுப்பு கொஞ்சம் தாங்கும். கறியை ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி ஃப்ரீஸரில் 40 நிமிடம். ஓரம் விறைத்து நடு நெகிழ்வாக இருக்க வேண்டும், கல்லாகிவிட்டால் கியர் போய்விடும். பாடி, ஸ்க்ரூ, பிளேடு, தட்டு எல்லாவற்றையும் கூடவே ஃப்ரீஸரில் வையுங்கள். சாதாரண கைமாவுக்கு 8 மில்லிமீட்டர் துளைத் தட்டில் ஒரே தடவை. கோலாவுக்கும் ஷாமி கபாபுக்கும் முதலில் 8, மீண்டும் குளிரவைத்து 3. நேராக 3இல் போட்டால் அடைக்கும். கறி மெலிசாக இருந்தால் பத்துக்கு ஒன்று, ஒன்றரை பங்கு ஆட்டுக்கொழுப்பைத் துண்டாக்கி அதோடு கலந்து போடுங்கள்.

"கத்தியால் கொத்தினால்தான் ருசி" என்று கீழே கமெண்டில் யாராவது வருவார்கள். ஒத்துக்கொள்கிறேன், கொத்துக்கறி வேறு பண்டம். மிக்ஸியில் அடிக்கலாமே என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. மிக்ஸி பிளேடு கறியை அடித்துச் சூடாக்கும், ஜவ்வை அப்படியே விட்டுவிடும்.

கரண்ட் வேண்டாம், கையால் சுற்றுவது போதும் என்றால் 10ஆம் நம்பர் நல்ல பொருள். அதை மேடை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் சுற்ற வேண்டும். இங்கே ஒரு ஆத்திரத்தைக் கொட்டிக்கொள்கிறேன். இப்போது கட்டும் வீடுகளில் கிரானைட் மேடையை ஓரம் நீட்டாமல், கீழே கபோர்டுக் கதவோடு ஒட்டி முடித்துவிடுகிறார்கள். கிளாம்ப் நுழைய இரண்டு விரல் இடம் கிடையாது. தேங்காய்த் துருவிகூடப் பிடிக்காத மேடையில் என்ன சமையல்? கேட்டால் 'மாடுலர்' என்கிறார்கள். வழி ஒன்றுதான்: கனமான பலகையில் கிளாம்பைப் பிடித்து, பலகையின் மறுமுனையை ஒருவர் அழுத்திப் பிடிப்பது. ஓரம் நீட்டிய மேடை இருந்தால் கிளாம்புக்கும் கல்லுக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள், வழுக்காது.

உலோகம்: வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பு நன்றாக ஓடும், ஈரத்தோடு வைத்தால் ஒரே ராத்திரியில் துரு. அலுமினியப் பாடியைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் கறுத்துவிடும், தொட்டால் கையில் ஒட்டும். கட்டுபடியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கியர் இருப்பதைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்காதீர்கள். எலும்பு சிக்கினால் மோட்டாருக்குப் பதில் அது உடைவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கியர் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மெஷின் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 110 வோல்ட் மெஷினை நேராக நம் பிளக்கில் சொருகினால் ஒரு நிமிடம் பிரமாதமாக ஓடும், அப்புறம் புகை.

அரைத்த கறியில் மேலே இருந்த கிருமி உள்ளேயும் போய்விடுகிறது. அதனால் ஃப்ரிட்ஜில் ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். கைமாவைச் சிவப்பு மிஞ்சாமல், நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு ஓட்டினால் உள்ளே தங்கிய கறி வெளியே வந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பும் வெந்நீரும். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். துடைத்து, அரைமணி ஃபேனுக்கடியில் காயவைத்து, மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை மெல்லப் பூசி எடுத்து வையுங்கள். சமையல் எண்ணெய் பூசினால் அடுத்த பக்ரீத்துக்குள் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ வெளியே வராது.