கவுண்டருக்கு இந்தப் பக்கம்

(நகராண்மைக் கழக லைசென்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சுங்கை சிப்புட்டில் வசிக்கும் அக்கா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. முன்பு அது கைப்பேசிக் கடை. நானும் என் மனைவியும் அங்கே காலைப் பசியாறலும் வாழையிலைச் சாப்பாடும் போடலாம் என்றிருக்கிறோம். எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு முடிந்து பேப்பர் கையில் இருக்கிறது. கடைச் சொந்தக்காரர் மூன்று மாத முன்பணம் கேட்கிறார். கட்டிவிட்டு அடுத்த மாதமே திறக்கலாமா?
– செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் வாசகர்

பதில்: முன்பணம் கொஞ்ச நாள் உங்கள் பையிலேயே இருக்கட்டும் தம்பி. நீங்கள் வைத்திருப்பது கடை திறக்கும் அனுமதி இல்லை. இன்ன பெயரில் இன்ன ஆள் வியாபாரம் செய்கிறார் என்று பதிந்து வைத்த பேப்பர், அவ்வளவுதான். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30 வெள்ளி. இந்த ஒரு தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, "எல்லாம் இருக்கே, ஏன் சம்மன் கொடுத்தீங்க?" என்று என் கவுண்டருக்குச் சண்டைக்கு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

கடை திறக்கச் சொல்ல வேண்டியது ஊராட்சி மன்றம். உங்களுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவில் லைசென்ஸ் விவகாரம் வருகிறது. எந்த ஆள், எந்த இடம், என்ன தொழில் என்று மூன்றையும் பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுப்பார்கள். அதனால் பழைய கைப்பேசிக் கடையின் லைசென்ஸ் உங்களுக்கு ஒரு காசுக்கும் உதவாது. காரணம் சொல்லாமல் ரத்து செய்யவும் அதே பிரிவில் இடமுண்டு, அப்படிச் செய்தால் நஷ்டஈடும் கிடையாது. அடுப்புக்கும் மேசை நாற்காலிக்கும் காசு போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

சொந்தக்காரரிடம் சில விஷயங்களை இப்போதே கேளுங்கள். கட்டடத்துக்கு சி.எஃப்., அதாவது ஆள் புழங்கத் தகுதியானது என்ற சான்றிதழ், இருக்கிறதா? 2007-க்குப் பிறகு கட்டியது என்றால் அதற்குப் பெயர் சி.சி.சி. மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி பாக்கி இருக்கிறதா? பாக்கி இருந்தால் பல மன்றங்கள் உங்கள் விண்ணப்பத்தையும் ஓரமாக வைத்துவிடும். பின்பக்கத்தில் தகரம் போட்டு இழுத்திருக்கிறாரே, அதற்குப் பிளான் அனுமதி உண்டா? சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான். முன்னால் ஹால் பளபளவென்று இருக்கும். பின்சந்தில் பிளாஸ்டிக் வாளி, கழுவாத பெரிய சட்டி, குழம்பும் எண்ணெயும் நேராகக் கால்வாயில் போய்க்கொண்டிருக்கும். பார்வையிட வரும் அதிகாரி மெனுவைப் படிக்க மாட்டார். குனிந்து சிங்க்குக்கு அடியில் பார்ப்பார், எண்ணெய் பிடிக்கும் கிரீஸ் டிராப் இருக்கிறதா என்று. கைப்பேசிக் கடையில் அது எங்கே இருக்கப் போகிறது? குழாய், சாக்கடை இணைப்பு, சுவரில் ஓடு, புகை வெளியேற வழி எல்லாமே உங்கள் செலவு. அதையெல்லாம் வாடகைப் பேச்சிலேயே சேர்த்துப் பேசுங்கள். பொம்பாக்காரர்கள் (தீயணைப்புத் துறை) தீயணைப்புக் கருவியைக் கேட்பார்கள். அது பெரிய விஷயமில்லை.

"உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உள்ளே இருந்தவள் சொல்கிறேன், ஆள் இருந்தாலும் டிராப் இருந்தாக வேண்டும்.

அப்புறம் சுகாதார அமைச்சு. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைப்படி சாப்பாட்டுக் கடையை அமைச்சில் பதிய வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாரும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். அது மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். உணவு கையாளுவோர் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். ஒரே நாளில் முடிந்துவிடும், இப்போதே போய் வாருங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். "முதலாளி அம்மாவுக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சம்மன் வந்தது அந்த முதலாளி அம்மா பெயரில்தான்.

ஆக, முதலில் கடை முகவரியையும் லாட் எண்ணையும் எழுதிக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள். இந்த இடத்தில் சாப்பாட்டுக் கடைக்கு விடுவீர்களா என்று கேளுங்கள். "ஆம்" என்றால், லைசென்ஸ் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர் அதற்கு முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: பெயர்ப்பலகையில் தமிழில் பெரிதாக எழுத ஆசை. விடுவார்களா?
– அதே வாசகரின் மனைவி

பதில்: தமிழ் இருக்கலாம். ஆனால் மலாய் அதைவிடப் பெரிதாக, முன்னால் தெரியும்படி இருக்க வேண்டும். பெரும்பாலான மன்றங்கள் மலாய் மொழியைக் கவனிக்கும் அரசு அமைப்பான டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பையும் கேட்கும். அது வந்த பிறகு பலகை செய்யக் கொடுங்கள். பலகைக்கும் லைசென்ஸ் உண்டு. சாமி படத்தைப் பலகையில் போடாமல் உள்ளே மாட்டினால் இன்னும் நல்லது. இது சட்டமில்லை, என் கருத்து.

கேள்வி: ஈப்போவில் ஒரு கண்காட்சியில் தேநீர் கியாஸ்க் தொழில் பார்த்தேன். 35,000 வெள்ளி கட்டினால் பெயர், இயந்திரம், பயிற்சி எல்லாம் அவர்களே தருவார்களாம். "இது பிரான்சைஸ் இல்லை, பார்ட்னர்ஷிப். அதனால் அரசாங்கப் பதிவு தேவையில்லை" என்கிறார்கள். அன்றைக்கே டெபாசிட் கட்டினால் தள்ளுபடியாம்.
– பால் மரம் வெட்டும் பெற்றோரின் மகன்

பதில்: தள்ளுபடியை விடு தம்பி. அவர்களுடைய முறைப்படி நடத்தணும், அவர்களுடைய பெயரைப் போடணும், தொடர்ந்து அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கணும், அதற்குக் காசும் கட்டணும். இந்த நான்கும் சேர்ந்தால், பேப்பரில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டத்தின் கண்ணில் அது பிரான்சைஸ்தான். விற்பவர் உன்னிடம் வாய் திறப்பதற்கு முன்பே உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேள். எண் இல்லை என்றால் பேச்சும் இல்லை.

எண் இருந்தால், ஒப்பந்தத்தையும் விவரப் பத்திரத்தையும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே உன்னிடம் கொடுக்க வேண்டும். அன்றைக்கே முடிவு சொல் என்பவன் அந்த 10 நாளைத்தான் உன்னிடமிருந்து பிடுங்குகிறான். கையெழுத்துப் போட்ட பிறகும் குறைந்தது 7 வேலை நாள் மனம் மாற அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால், ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவு போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். உள்ளூர் நிறுவனம் என்றால், கையெழுத்திட்ட 14 நாளுக்குள் நீயும் பதிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. முடிந்த பிறகும் 2 ஆண்டுக்கு அதே மாதிரித் தொழில் செய்ய முடியாது. ஊரிலே இன்னொரு தேநீர்க் கடை போடும் எண்ணம் இருந்தால் இதை இரண்டு முறை படி.

இத்தனையும் முடிந்தாலும் கியாஸ்க் வைக்கும் இடத்துக்கு மன்றத்தின் லைசென்ஸ் தனி. கோலாலம்பூரில் பெயர் போன கம்பெனி என்பதற்காக இங்கே யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

கேள்வி: தோட்டத்து லைன் வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறேன். வாசலில் பலகை வைத்துக் கடையாக்கலாமா?
– கணவரை இழந்த வாசகி

பதில்: வீடு கம்பெனியுடையது, நிலம் விவசாய நிலம். நிலத்தின் வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டியவர் நில உரிமையாளர், நீங்கள் இல்லை. அதனால் அங்கே கடை லைசென்ஸுக்காக அலைய வேண்டாம். வீட்டில் சுடுவதற்கும் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரிலேயே 30 வெள்ளிக்குப் பதிந்து, பாக்கெட் போட்டு, டவுனில் லைசென்ஸ் உள்ள மளிகைக் கடையில் வையுங்கள். பாக்கெட்டில் மலாயில் பொருளின் பெயர், சேர்த்த பொருள்கள், எடை, உங்கள் பெயர், முகவரி இருக்க வேண்டும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்பதென்றால் அதற்கும் மன்றத்தின் லைசென்ஸ் தனியாக வேண்டும். தீபாவளிக்கு எனக்கு ஒரு பாக்கெட் எடுத்து வையுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனை உதிரிப்பழம் வாங்கி ஆலைக்கு ஏற்றி விற்க எஸ்.எஸ்.எம். போதுமா?
– சொந்த லோரி வைத்திருப்பவர்

பதில்: போதாது. செம்பனைப் பழம் வாங்கி விற்க மலேசியச் செம்பனை வாரியத்தின் லைசென்ஸ் கட்டாயம். உங்களுக்கு விற்கும் சிறுதோட்டக்காரரிடமும் அந்த வாரியத்தின் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு எடை போடுங்கள். "ராத்திரி எட்டு மணிக்கு வாங்க, மலிவாத் தர்றேன்" என்று யாராவது கூப்பிட்டால், பழம் யாருடைய தோட்டத்தில் விழுந்தது என்று கேட்டுவிட்டு லோரியை எடுங்கள்.