அப்புத்தளைக்கு எப்போது போவது? வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

பிப்ரவரியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். வெலிகம கடற்கரையில் ஐந்து நாள். நடுவில் ஒருநாள் எல்ல என்ற மலையூருக்குப் போய்வர நினைத்தோம். அங்கே கூட்டம் அதிகம், அப்புத்தளை அமைதியான ஊர் என்கிறார் நண்பர். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திரும்பிவிடலாம். ஆனால் எதற்காகப் போகிறீர்களோ அதைப் பார்க்க மாட்டீர்கள். அப்புத்தளை சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், மலையின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் கீழே சமவெளியின் ஈரக்காற்று சூடாகிச் சரிவில் ஏறும். மேலே வந்ததும் குளிர்ந்து மேகமாகும். பெரும்பாலும் பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு மூடிக்கொள்ளும். நீங்கள் போய்ச்சேரும் நேரம் அதுதான். இரண்டு இரவு தங்குங்கள். ஒரு காலை மூடினாலும் இன்னொன்று மிச்சம் இருக்கும்.

மலையடிவாரத்து ஊரான வெல்லவாயவில் சாலை பிரியும். ஏ23 எல்லவுக்குப் போகும். உங்களுக்கு வேண்டியது கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறும் ஏ4; அங்கிருந்து அப்புத்தளை பக்கம்தான். 220 மீட்டர் உயர தியலும அருவி இந்தச் சாலையிலிருந்தே தெரியும். கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தோட்டத்தில்தான் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களை மண் மூடியது. பிப்ரவரியில் மழை குறைவுதான். இருந்தாலும் பெருமழை பெய்திருந்தால் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போடுங்கள், இரவில் ஏறவே வேண்டாம்.

அதிகாலை ஐந்து மணிக்கு ஆட்டோ சொல்லிவையுங்கள். பத்து கிலோமீட்டரில், தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை. அதற்கு மேல் ஏழு கிலோமீட்டர் தோட்டப் பாதை ஏறினால் லிப்டன் சீட் என்ற காட்சிமுனை. காற்று அறையும்; கடற்கரைத் துணி போதாது, ஸ்வெட்டர் வேண்டும். ஆட்டோவை அங்கேயே அனுப்பிவிட்டு நடந்து இறங்குங்கள். பாதையோரம் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள்: இரண்டு இலையும் ஒரு மொட்டும், ஒடித்த வேகத்திலேயே முதுகுப் பைக்குள். அவர்கள் பேசுவது நம் தமிழ்தான். பேசுங்கள், ஆனால் படத்துக்காக நிறுத்திவைக்காதீர்கள். பறித்த கொழுந்தின் எடையைப் பார்த்துத்தான் அன்றைய கூலி.

அப்புத்தளை அருகே இப்போது மடாலயமாக இருக்கும் பழைய மாளிகையான அதிஷம் பங்களா சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பள்ளி விடுமுறை நாட்களில் மட்டுமே திறந்திருக்கும். அதற்கேற்ப வெள்ளிக்கிழமை மலையேறுங்கள்.