மார்கழிக் குளிரும் மடிப்புக் கழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்ட். விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தேன்கனிக்கோட்டையிலிருந்து பைக்கில் கிளம்புகிறேன். தடித்த டர்ட்டில்நெக் (கழுத்தை மூடி மடிக்கும் காலர் வைத்த) ஸ்வெட்டர் போட்டும் நெஞ்சு சில்லிட்டுப் போகிறது. பத்து மணிக்கு மேல் அதே ஸ்வெட்டரில் வேர்த்துக் கொட்டுகிறது. உள்ளே வெறும் பனியன் என்பதால் கழற்றவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

உங்கள் ஸ்வெட்டர் மேல் தப்பில்லை, அது இருக்கும் இடம்தான் தப்பு. பின்னலாடையின் கண்களுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூடு தருகிறது. பைக்கில் போகும்போது எதிர்க்காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். 10 டிகிரி குளிரில் 50 கி.மீ. வேகத்தில் போனால் வெறும் தோலுக்கு 5, 6 டிகிரி போல உறைக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஒரு ஜிப் ஜெர்க்கின் வேண்டும். மழைக்கோட்டுத் துணியே போதும். அது கையில் இல்லாத நாளில், சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே நெஞ்சோடு இரண்டு தாள் செய்தித்தாளை விரித்து வையுங்கள். சைக்கிள் பந்தயக்காரர்களின் பழைய உபாயம் இது, கிண்டல் செய்பவர்கள் ஒருநாள் வைத்துப் பார்க்கட்டும்.

இனி வேர்வை. குளிருக்குப் போடும் மேலாடைகளில் தலைவழியாகக் கழற்ற வேண்டியது டர்ட்டில்நெக். காலையில் போட்டால் சாயங்காலம் வரை அதோடுதான் இருக்க வேண்டும். ஆகவே அது மெல்லிசாக இருக்க வேண்டும், சூடு முழுவதும் முன்பக்கம் திறக்கும் உருப்படிகளில் இருக்க வேண்டும். உள்ளே நைஸ் பின்னல் டர்ட்டில்நெக், அதன் மேல் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜெர்க்கின். கேட்டில் ஜெர்க்கின் இறங்கும், ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் இறங்கும். பகலில் டர்ட்டில்நெக்கோடு மட்டும் நின்றாலும் பார்க்க லட்சணமாக இருக்கும், கழுத்து மட்டும் மூடிய டீ–ஷர்ட் மாதிரிதான். கடையில் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள்: நடுத்தர அளவில் ஏறத்தாழ கால் கிலோ இருந்தால் சரி. அரைக் கிலோவைத் தொட்டால் அது மேலே போட வேண்டிய சரக்கு.

அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மேல் அடுக்கும் உள்ளே இருப்பதைவிட மார்பில் 2 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கிப் போட்டால் நடுவே நிற்கும் காற்று பிதுங்கிவிடும், மூன்று துணி போட்டும் குளிரும்.

துணி விஷயத்தில் ஏமாறாதீர்கள். ‘ஊலன் சார்’ என்று நீட்டுவதில் பெரும்பாலானது லூதியானா அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. காலர் உள்ளே தைத்த சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அக்ரிலிக் மலிவு, துவைக்கச் சுலபம். ஆனால் அக்குளிலும் முழங்கையிலும் சீக்கிரமே பொடி உருண்டைகள் கிளம்பும், வேர்வை நாற்றத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுப் பருத்தி நனைந்தால் காய நேரமாகும், ஈரத்தோடு காற்றில் போனால் இன்னும் சில்லிடும். வேர்க்கிற வேலை என்றால் மெரினோ கம்பளி, அல்லது கம்பளி கலந்த மெல்லிய பின்னல்.

அம்மாவின் 1970களின் நைலெக்ஸ் புடவை ஒன்றும், பழைய காஞ்சிப் பட்டு ஒன்றும் இருக்கின்றன. ரவிக்கைக்குப் பதில் டர்ட்டில்நெக் போட்டுக் கட்டலாம் என்று பார்த்தால், உட்கார்ந்து எழுந்தால் இடுப்பில் சுருண்டு ஏறுகிறது. ஊக்கு குத்திய இடத்தில் ஓட்டையும் விழுந்துவிட்டது.
– கிருஷ்ணகிரி வாசகி

மார்கழிக் காலை நிகழ்ச்சிகளுக்கு ரவிக்கையும் சால்வையுமாக நடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் டர்ட்டில்நெக்கை ரவிக்கை மாதிரி நடத்தக்கூடாது.

முதலில் நீளம். தோள் உச்சியிலிருந்து 24 அங்குலமாவது இருக்க வேண்டும். அதைப் போட்ட பிறகு, அதன் மேலே உள்பாவாடையைக் கட்டுங்கள். நாடா பின்னலின் மேல் உட்கார்ந்தால் மேலே ஏறாது. உடம்போடு ஒட்டும் ரிப் (மேடுபள்ளக் கோடுகள் ஓடும்) பின்னலாக இருந்தால் கொசுவம் சொருகும் இடத்தில் புடைப்பும் தெரியாது. தொளதொளப்பானதை வைத்துக்கொண்டு முயல வேண்டாம், இடுப்பில் உருளை கட்டும்.

அடுத்து ஊக்கு. பின்னலாடையில் ஒரு கண் அறுந்தால் வரிசையாக ஓடிவிடும், முந்தானையின் பாரமோ அந்த ஒரு கண்ணில்தான் தொங்குகிறது. தோளில் உள்பக்கமாக 2 அங்குலச் சதுரத்தில் பருத்தித் துணித்துண்டு ஒன்றை வையுங்கள். ஊக்கு புடவை, பின்னல், துண்டு மூன்றையும் சேர்த்துக் குத்தட்டும், பாரம் துண்டில் இறங்கிவிடும். உள்ளாடைப் பட்டை அந்த இடத்திலேயே இருந்தால் அதையும் சேர்த்துப் பிடிக்கலாம். ஏற்கெனவே விழுந்த ஓட்டைக்கு, அறுந்த கண்ணை அதே நிற நூலில் இன்றே பிடித்துவிடுங்கள். ஒரு தடவை துவைத்த பிறகு தேடினால் ஓட்டை விரல் நுழையும் அளவுக்கு வந்திருக்கும்.

நைலெக்ஸும் அக்ரிலிக் டர்ட்டில்நெக்கும் சேர்ந்தால் பனிக்கால வறண்ட காற்றில் நிலைமின்சாரம் பிடிக்கும். நடக்கும்போது புடவை காலைச் சுற்றும், படபடவென்று பொறி தட்டும். மேலே பருத்தி கலந்த டர்ட்டில்நெக், கீழே பருத்தி உள்பாவாடை என்று மாற்றினாலே பாதி அடங்கும். மீதிக்கு, கொசுவம் வைக்கும் முன் கையில் துளி லோஷன் தடவி உள்பாவாடையின் மேல் நீவி விடுங்கள்.

பட்டுப் புடவையை முதலில் சோதியுங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பில்தான் விடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மடிப்புக் கோட்டில் சல்லடை போலத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பகுதி கொசுவத்துக்குள் போகாமல், இழுபடாத சுற்றில் வருகிற மாதிரி கட்டுங்கள். ஜரிகையில் ஊக்கே கூடாது. நிறம் எங்கள் யோசனை: பட்டின் உடலில் இருக்கும் நிறத்தை விட்டுவிட்டு, கரையில் சின்னதாக ஓடும் நிறத்தில் டர்ட்டில்நெக் எடுங்கள். கறுப்பு எல்லாவற்றுக்கும் சேரும் என்பார்கள். சேரும்தான், ஆனால் அரக்குப் பட்டுக்குக் கறுப்பைவிடக் கடுகு மஞ்சள் எடுப்பாக இருக்கும்.

கழுத்து குட்டை. டர்ட்டில்நெக் போட்டால் தலை நேராகத் தோளில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மூக்குத்தியும் ஒவ்வொரு தடவையும் சிக்குகிறது.
– ராயக்கோட்டை வாசகி

மடிக்காத குட்டைக் காலர், அதாவது மாக்நெக் வாங்குங்கள். உயரம் 2 அங்குலம் போதும். மேலே முன்பக்கம் திறந்த ஸ்வெட்டரைப் பொத்தான் போடாமல் விட்டால் நெஞ்சில் நீளவாட்டில் ஒரு கோடு விழும், கழுத்து நீண்ட மாதிரி தோன்றும். தாலிச் சரடு உள்ளே இருக்கட்டும். மேலே போட நினைத்தால் நீளச் சங்கிலி ஒன்று மட்டும். காலர் மேல் அட்டிகை வேண்டாம்.

போடும்போது காலரை இரண்டு கையாலும் விரித்து, முகத்துக்கு முன்னால் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் பிடித்தபடி நுழையுங்கள். மூக்குத்தியும் சிக்காது, முகப்பவுடரும் காலரில் ஒட்டாது. தோடு, ஜிமிக்கி, பூ எல்லாம் பிறகுதான். நூல் வெளியே இழுபட்டுவிட்டால் வெட்டாதீர்கள். மெல்லிய கொக்கி ஊசியால் உள்பக்கம் இழுத்துவிட்டு, அந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்கும் நீட்டினால் மறைந்துவிடும்.

தாத்தாவின் கம்பளிக் கோட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பாச்சை உருண்டை நாற்றம், பின்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள். டர்ட்டில்நெக் மேல் போட ஆசை. தேறுமா?
– தளி வாசகர்

தளிக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான கோட்டு கிடைக்காது. ஆனால் தேறுமா என்பதைத் தோள்பட்டைதான் சொல்ல வேண்டும். உள்ளே டர்ட்டில்நெக்கோடு போட்டுப் பாருங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும், அரை அங்குலம் இப்படி அப்படி இருக்கலாம். அதற்கு மேல் தள்ளி விழுந்தால் விட்டுவிடுங்கள். தோளைப் பிரித்துத் தைப்பது புதுக் கோட்டு தைப்பதற்குச் சமம், நல்ல டெய்லரே கையெடுத்துக் கும்பிடுவார். கை நீளம், இடுப்புப் பிடிப்பு இரண்டையும் தாராளமாக மாற்றலாம். பெரிதாக்க வேண்டுமானால் உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய தையலில் ஒரு அங்குலம் கிடைப்பதுண்டு. பொத்தான் போட்ட நிலையில் மார்பில் உங்கள் அளவைவிட 4 முதல் 5 அங்குலம் கூடுதல் வேண்டும்.

நிஜக் கம்பளிதானா என்று பார்க்க, உள்தையலில் இருந்து ஒரு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலானால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர்.

ஓட்டை போட்டது அந்துப்பூச்சியின் புழு. முட்டை இன்னும் தையல் இடுக்கில் இருக்கலாம், மற்ற கம்பளிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். காலரின் கீழ்ப்பக்கம், பாக்கெட் மூலை, கை மடிப்பு எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே வைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு பாலிதீன் பையில் காற்று போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும்.

நாற்றத்துக்கு நிழலும் காற்றும்தான் மருந்து. அகலத் தோள் வைத்த ஹேங்கரில் பத்து நாள் திண்ணையில் தொங்கட்டும். சென்ட் அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து தலைவலி வரும். வீட்டில் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்: மேல் கம்பளி, உள் கான்வாஸ், லைனிங் மூன்றும் மூன்று விதமாகச் சுருங்கி, நெஞ்சுப் பகுதி கொப்புளம் கட்டிவிடும். ட்ரை கிளீனிங்குக்கே கொடுங்கள், ஓட்டைகளைக் காட்டி டார்னிங் (இழையால் பின்னி ஓட்டையை அடைப்பது) கேளுங்கள். இழை வேண்டும் என்பார்கள். கீழ்மடிப்பின் உள்ளிருந்து உருவிக் கொடுத்தால் நிறம் ஒத்துப்போகும். லைனிங் கிழிந்திருந்தால் பர்கூர் கடைகளில் துணி எடுத்து மாற்றிவிடலாம்.

கறுப்பு டர்ட்டில்நெக் துவைத்துக் காய்ந்ததும் வெள்ளை பூத்த மாதிரி இருக்கிறது. இன்னொரு கம்பளி ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்கிவிட்டது.
– பாலக்கோடு வாசகி

வெள்ளைக்குக் காரணம் போர்த் தண்ணீர். பார் சோப்பு உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவமாகி நூலில் தங்கும். கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்புக்கு மாறுங்கள், கடைசி அலசலை மட்டும் ஒகேனக்கல் குடிநீர் வரும்போது பிடித்த தண்ணீரில் செய்யுங்கள். ஏற்கெனவே பூத்ததற்கு, 5 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து பத்து நிமிஷம் ஊறவைத்து அலசினால் போகும்.

சுருங்கியது வேறு சங்கதி. கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு முழுதாகப் பிரியாது. வெதுவெதுப்பான நீரில் முடிக்குப் போடும் கண்டிஷனர் கலந்து அரை மணி ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, பாயில் போட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு அளவு மீளலாம். பின்னலின் கண்ணே தெரியாமல் கெட்டிப்பட்டிருந்தால் கத்தரித்துக் குழந்தைக்குக் குல்லாவாக்குங்கள், விளிம்பு பிரியாது. இனி பச்சைத் தண்ணீரில் அமுக்கி எடுங்கள், பிழியாதீர்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் கை முழங்காலுக்கு வரும். பாய்தான்.

ரோஜாத் தோட்டத்தில் தரம் பிரிக்கிறேன். பசுமைக்குடிலில் வேர்க்கும், உடனே குளிர் அறைக்குள் போக வேண்டும்.
– ஓசூர் வாசகி

பூ வைக்கும் அறை 2 முதல் 4 டிகிரிதான் இருக்கும். வேர்த்த பருத்தியோடு அதற்குள் போவதுதான் ஆபத்து. உள்ளே உடம்போடு ஒட்டும், சீக்கிரம் காயும் மெல்லிய தெர்மல் மாக்நெக் போடுங்கள். தடித்த ஜாக்கெட் அறை வாசலிலேயே தொங்கட்டும், நுழையும்போது போட்டு வெளியே வந்ததும் கழற்றுங்கள். ஸ்வெட்டரின் கழுத்து மடிப்பிலும் தொங்கும் சால்வையிலும் முள் மாட்டும், அங்கே அவை வேண்டாம்.

தர்மபுரியில் டர்ட்டில்நெக்குக்கு அவசியமே இல்லை என்கிறார் என் கணவர். காலை எட்டு மணி வரைதான் எனக்குக் குளிர் தெரிகிறது. வேறு வழி?
– தர்மபுரி வாசகி

வத்தல்மலையில் குடியிருந்தால் அவரோடு சண்டைக்கு வருவோம். ஊருக்குள் அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ‘தைப் பனி தரையைத் துளைக்கும்’ என்பது காலை நேரத்துக்குத்தான். காலரை மட்டும் தைத்துக்கொள்ளுங்கள், சட்டைக்கும் சுடிதாருக்கும் உள்ளே போட்டு எட்டு மணிக்கு உருவிவிடலாம்.

எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் இழை) கலந்த ரிப் துணி அரை மீட்டர் போதும். கழுத்துச் சுற்று 13 அங்குலம் என்றால், காலர்த் துண்டு நீளம் 12½, உயரம் 6. மடித்தால் 3 அங்குலம் நிற்கும். ரிப் கோடுகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், மாற்றி வெட்டினால் தலை நுழையாது. வெட்டும் முன் துண்டை இழுத்துப் பாருங்கள், 22 அங்குலம் வரை நீண்டால்தான் சரி. முன்னும் பின்னும் 8 அங்குல நீளத்தில் தட்டுத்துணி (காலரின் கீழே நெஞ்சிலும் முதுகிலும் படியும் துண்டு), தோள் பக்கம் 3 அங்குலம் அகலம். இதற்குப் பழைய பனியன் துணியே போதும்.

தையல்தான் பலருக்கும் சறுக்கும் இடம். நேர்த்தையல் போட்டால் முதல் நாளே தலை நுழையும்போது படார் என்று நூல் அறுந்துவிடும், துணி நீளும் அளவுக்கு அந்தத் தையல் நீளாது. சிறு ஜிக்ஜாக் வைத்து, முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசியால் தையுங்கள். கூர் ஊசி பின்னலின் கண்ணை அறுக்கும். காலரின் இணைப்புத் தையல் பின்கழுத்தில் வரட்டும். தட்டுத்துணியின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் ஓவர்லாக் மட்டும் போட்டால் சட்டைக்கு மேலே கோடு தெரியாது.