நுகர்வோர் கேள்வி-பதில்: ரெண்டர் போட லேப்டாப், பெட்டியில் இல்லாத வாட்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. அதனால் பகுதியை ஏறக்குறைய முழுவதுமே அவர்களுக்கு ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மகனுக்கு பி.ஆர்க் இடம் கிடைத்திருக்கிறது. "இந்தப் படிப்புக்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப் வேண்டும், ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது" என்கிறார் கடைக்காரர். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். முதலாண்டில் பையனுக்குத் தேவைப்படுவது டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர் அல்லது டி-ஸ்கொயர், ஸ்கேல், கட்டர், கட்டிங் மேட், மாடல் செய்ய அட்டை. பெரும்பாலான கல்லூரிகளில் முதல் ஆண்டு கையால்தான் வரைய வைப்பார்கள். படிப்போ ஐந்து வருடம். இப்போது வாங்கும் லேப்டாப், ரெண்டர் வேலை (கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடத்தை நிஜப் புகைப்படம்போல் ஆக்குவது) கழுத்தை நெரிக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டில் வாரன்டி முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

கல்லூரி திறந்ததும் சீனியர்களிடம் இரண்டு விஷயம் விசாரித்து வரச் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் என்ன சாஃப்ட்வேர் எதிர்பார்க்கிறார்கள்? லேபில் மாணவர்கள் இரவு வரை உட்கார இடமிருக்கிறதா? ரெவிட்டா, ஸ்கெட்ச்அப்பா, ரைனோவா என்று தெரிந்த பிறகு வாங்கினால் பாதிப் பணம் மிச்சமாகவும் வாய்ப்பிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முடிகிற ஆஃபர் ஆடிக்கும் தீபாவளிக்கும் மறுபடி வரும்.

மேக்புக் வாங்கலாமா?
– முதலாண்டு மாணவர், சேலம்

ரெவிட்டும் த்ரீடிஎஸ் மேக்ஸும் விண்டோஸுக்கானவை, மேக்கில் நேரடியாக ஓடாது. ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்க்கிகேட், பிளெண்டர் ஓடும். கல்லூரி ரெவிட் கேட்டால் மேக் வாங்காதீர்கள்.

நானும் தோழியும் ஒரே மாதத்தில் லேப்டாப் வாங்கினோம். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் சிப். என்னுடையது ஒல்லியானது, விலையும் அதிகம். ஒரே லூமியன் (ரெண்டர் சாஃப்ட்வேர்) ஃபைல் அவளுடையதில் சரளமாக ஓடுகிறது. என்னுடையதில் கேமராவைத் திருப்பினாலே திக்குகிறது. ரெண்டருக்கும் ஏறக்குறைய இரு மடங்கு நேரம். சர்வீஸ் சென்டரில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள்.
– நான்காம் ஆண்டு மாணவி, மதுரை

சர்வீஸ் சென்டர் சொல்வது உண்மைதான் அம்மா. பழுது இல்லை. உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். இதைப் பற்றி எழுத எனக்கு நெடுநாளாகவே ஆத்திரம் உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லேப்டாப்பில் வரும் 4060 கிராஃபிக்ஸ் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள லேப்டாப் கம்பெனிகளுக்கு, சிப்பைத் தயாரிக்கும் என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. வாட் கூடினால் வேகம் கூடும், சூடும் கூடும். தடித்த உடம்பும் பெரிய விசிறியும் உள்ள மாடலில் முழு வாட்டும் கொடுக்கலாம். ஒல்லி மாடலில் சூடு வெளியேற வழி இல்லாததால் அடக்கி வைக்கிறார்கள். ஆனால் இரண்டின் மேலும் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றேதான். வாட் கணக்கு பெட்டியில் இருக்காது, விளம்பரத்தில் இருக்காது, பல நேரம் விற்பவருக்கே தெரியாது.

பெயரில் நடக்கும் விளையாட்டு இதோடு முடியவில்லை. மேசைக் கம்ப்யூட்டருக்கான 4070 கார்டில் 12 ஜிபி நினைவகம். லேப்டாப் 4070-இல் 8 ஜிபிதான், அதாவது லேப்டாப் 4060-இல் இருக்கும் அதே அளவு. மரம், புல், கல் டெக்ஸ்சர், கண்ணாடி எல்லாம் சேர்ந்த ஒரு சீன் அந்த நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ரெண்டர் ஊர்ந்து போகும், அல்லது நடுவில் மூடிக்கொள்ளும். பெரிய சீனுக்காகவே 4070-க்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை தீரவில்லை. பிராசசரிலும் இதே கதை. 12-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7-1255யூ-வில் வேகமான கோர்கள் (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) இரண்டு. ஐ5-12450எச்-இல் நான்கு. வி-ரே என்ற ரெண்டர் சாஃப்ட்வேரைப் பிராசசரில் (சிபியூவில்) ஓட விட்டால் எல்லாக் கோர்களும் ஒன்றாக இழுக்கும். அங்கே பெயரில் சின்னதான ஐ5 முந்திவிடும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓர் எழுத்தைப் படிக்காமல் பணம் எடுக்காதீர்கள்.

அண்ணன் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பிலும் இதுதான் நடந்தது. வாட் எவ்வளவு என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார் விற்பனையாளர். வீட்டில் போட்டுப் பார்த்தால், அந்த சிப்புக்கு அனுமதித்த அளவின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிரித்த பெட்டி என்று சொல்லித் திரும்ப எடுக்கவில்லை. ஜூரிக்கு (வரைந்ததை மதிப்பிடும் குழுவின் முன் வைக்கும் நாளுக்கு) முந்தைய இரவுகளில் அந்தப் பெண் உறங்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அதனால் கடையிலேயே பாருங்கள். டிஸ்ப்ளே மாடலில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் பகுதியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தினால் "மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்" என்று ஒரு வரி இருக்கும். அதுதான் நிஜ எண். அப்படியே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று காட்டும். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்து ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால், பின்னால் இன்னொரு 16 சேர்த்துக்கொள்ளலாம். ரேம் போர்டோடு பற்றவைத்த மாடல் என்றால் அந்த வழி அடைபட்டது.

உங்களுடையதில் இப்போது செய்யக்கூடியது: கூடவே வந்த பெரிய சார்ஜரைச் செருகியே ரெண்டர் போடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் மோடில் வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். கம்பெனிக்குப் புகாரும் எழுதுங்கள். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்கிறது. வெற்றி நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருமே புகார் எழுதாததால்தான் அந்த எண் பெட்டிக்கு வராமல் இருக்கிறது.

ஒரு கடையில் 600 ரூபாய்க்கு எல்லா சாஃப்ட்வேரையும் பென்டிரைவிலிருந்து போட்டுத் தந்தார்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். இப்போது தீசிஸ் ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறி, திறக்க மறுக்கின்றன. பணம் கட்டினால் திறந்து தருவதாகத் திரையில் வருகிறது. கடைக்காரர் மேல் வழக்கு போடலாமா?
– ஐந்தாம் ஆண்டு மாணவர், சென்னை

பணம் கட்டாதீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இன்றே பதியுங்கள். நண்பர்களுக்கு அனுப்பிய மெயில், கூகுள் டிரைவ், பிரின்ட் கடைக்குக் கொடுத்த பிரதி என்று எங்கெல்லாம் பழைய ஃபைல் இருக்கும் என்று தேடுங்கள். அனுதாபம் இவ்வளவுதான்.

வாங்கியது திருட்டுப் பிரதி, கையில் பில் இல்லை, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தவர் நீங்கள். தெரிந்தே திருட்டு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். அதை வைத்துத் தொழில் செய்தால் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 600 ரூபாய்க்கும் அவசியமே இருக்கவில்லை. ஆட்டோகேட், ரெவிட், த்ரீடிஎஸ் மேக்ஸ் மூன்றும் கல்லூரி ஆதாரம் காட்டினால் மாணவர்களுக்கு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். ரெண்டர் போடும் ட்வின்மோஷனும் மாணவர்களுக்கு இலவசம். பிளெண்டர் எல்லோருக்கும், எல்லா வேலைக்கும் இலவசம். ரைனோவை 90 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஸ்கெட்ச்அப்புக்கு பிரவுசரிலேயே ஓடும் இலவச வடிவம் உண்டு. ஒரே நிபந்தனையை நினைவில் வையுங்கள்: ஆட்டோகேட், ரெவிட், மேக்ஸ் மூன்றையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் மாணவர் உரிமத்தை வைத்துக் காசுக்கு வேலை செய்யக் கூடாது.

"100 சதவீத வேலை உறுதி" என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி மையத்தில் த்ரீடி விஷுவலைசேஷன் படிக்க 65,000 கட்டினேன். நான்கு மாதப் பயிற்சி. மூன்றாம் வாரமே ஆசிரியர் நின்றுவிட்டார். அதன்பின் யூடியூப் வீடியோவைத்தான் திரையில் போடுகிறார்கள். பணம் கேட்டால் "கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.
– மாணவி, கோவை

மனசு பொறுக்கவில்லை. ரசீதில் அச்சடித்த வரிக்குப் பயப்படாதீர்கள். தருவதாகச் சொன்ன சேவையைத் தராமல் பணத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் உரிமையை எந்த ரசீதும் கொடுத்துவிடாது.

கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்று நெடுங்காலமாக வழக்காடுகிறார்கள். கோச்சிங் மையங்கள் அந்த விதிவிலக்கில் ஒளிந்துகொள்ள முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. முதலில் விளம்பரம், ரசீது, பாடத்திட்டம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிகளில் வீடியோ மட்டும் போட்டார்கள் என்று எழுதுங்கள். கூடப் படிக்கும் மற்றவர்களையும் கையெழுத்திடச் சொல்லி, 15 நாளில் பணம் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். பல இடங்களில் அந்தப் புகார் எண்ணைப் பார்த்ததுமே பேச்சு மாறும்.

மாறாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய விஷயங்களுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது, அதையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கடையில் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். பில் கேட்டால் 18 சதவீதம் கூடும் என்றார்கள், துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். 12-ஆம் நாள் திரையில் கோடுகள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகையைக் காட்டுகிறார்கள்.
– மாணவர், திருச்சி

பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறிப்பிடாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. இரண்டும் 2019 சட்டத்திலேயே இருக்கின்றன, பலகை சட்டத்தை மாற்றாது. துண்டுச்சீட்டையும் பணம் அனுப்பிய யூபிஐ பதிவையும் பத்திரமாக வைத்து 1915-க்கு அழையுங்கள். ஆனால் 18 சதவீதத்தை மிச்சப்படுத்த நினைத்து, கம்பெனி வாரன்டியை நீங்களே சிக்கலாக்கிக்கொண்டீர்கள். அடுத்த முறை பில் இல்லாமல் கடைப்படியை விட்டு இறங்காதீர்கள்.

திரையில் அழகான செங்கல் நிறம். ஏ1 ஷீட்டில் பிரின்ட் வந்தால் அழுக்குப் பழுப்பு. பிரின்ட் கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?
– மாணவி, புதுச்சேரி

அநேகமாக இல்லை. உங்கள் லேப்டாப்பின் விவரத்தில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று திரையின் நிற வரம்பு போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் திரையால் சிவப்பையும் பச்சையையும் முழுதாகக் காட்டவே முடியாது. அதை நம்பி நிறத்தை ஏற்றியிருப்பீர்கள். வாங்கும்போது "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" நிற வரம்பு உள்ள திரை கேளுங்கள். இப்போதைக்கு ஷீட்டின் ஒரு துண்டை மட்டும் அதே பிளாட்டரில் (பெரிய தாளில் அச்சிடும் பிரின்டரில்), அதே தாளில் முதலில் போட்டுப் பாருங்கள். சப்மிஷன் அன்று காலையில் கடைக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை.

வீடு கட்ட ஒருவரிடம் 15,000 கொடுத்து த்ரீடி எலிவேஷன் (வீடு எப்படித் தெரியும் என்று காட்டும் கம்ப்யூட்டர் படம்) வாங்கினோம். படத்தில் அரண்மனை மாதிரி இருந்தது. கட்டி முடித்ததும் முகப்பு இருண்டு கிடக்கிறது, ஹால் பாதியாகத் தெரிகிறது. வரைந்தவர் "கொத்தனார் தவறு" என்கிறார். வடக்குப் பார்த்த வீடு.
– திருநெல்வேலி

இதைப் படிக்கும் மாணவர்களும் கவனியுங்கள், நாளைக்கு இந்தப் படத்தைப் போடப்போவது நீங்கள்தான். திருநெல்வேலியில் வடக்குப் பார்த்த முகப்பில் டிசம்பர் மாதம் வெயில் நேராக விழவே விழாது, சூரியன் பகல் முழுக்கத் தெற்கே இருக்கும். அனுப்பிய படத்தில் முகப்பு முழுக்க மஞ்சள் வெயில். பக்கத்து வீட்டு மதிலும் மின்கம்பமும் காணவில்லை. ஹாலை அகலக் கோணக் கேமராவில் எடுத்திருக்கிறார், சோஃபாவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு கார் நிற்கும்போல் தெரிகிறது. கொத்தனார் மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். இந்த புரோகிராம்களில் ஊர், தேதி, நேரம் கொடுத்தால் நிழலைச் சரியாகவே போட்டுத் தரும். அதைச் செய்யாமல் பிடித்த பக்கத்தில் வெயிலை வைத்தது ஏமாற்று வேலை.

அவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டாரா? 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் கேளுங்கள், இல்லையென்றால் அதுவும் உங்கள் புகாரில் ஒரு வரி. கட்டப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் மூன்று படம் கேளுங்கள்: ஜூன் காலை, டிசம்பர் மதியம், விளக்கு போடாத மாலை. கூடவே அளவு எழுதிய பிளானும், பெயின்ட் ஷேடு எண்ணும்.

சீனியர் மூன்று வருடம் ஓட்டிய லேப்டாப்பை 35,000-க்குத் தருகிறார். வாங்கலாமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், ஈரோடு

அரை மணி நேரம் ரெண்டர் ஓட விட்டுப் பாருங்கள். போகப் போக வேகம் விழுந்தால், சூடாகி நின்றால், விசிறி கரகரத்தால் 10,000 குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அசல் பில்லும் கூட வந்த பெரிய சார்ஜரும் இல்லாமல் வாங்காதீர்கள். வேறு சின்ன சார்ஜரில் அந்த கிராஃபிக்ஸ் கார்டு அரை வயிற்றோடுதான் ஓடும்.