மீட்பின் நிச்சயம்: கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் எங்கே வேறுபடுகிறார்கள்?

இறந்தபின் கடவுளிடம் சேர்வேன் என்று ஒருவர் இன்றே உறுதியாகச் சொல்ல முடியுமா? அந்த உறுதிக்குத்தான் மீட்பின் (இரட்சிப்பின்) நிச்சயம் என்று பெயர்.

முடியும் என்பார்கள் பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள். கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எழுதப்படுகிறது. ஆகவே உறுதி நிற்பது நம் நடத்தையின்மேல் அல்ல, அவருடைய வாக்கின்மேல். (அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு: மெய்யான விசுவாசி இறுதிவரை காக்கப்படுவார் என்கிறார்கள் சீர்திருத்தவாதி கால்வினின் வழியினர், லூத்தரன்களும் மெதடிஸ்டுகளும் விசுவாசத்திலிருந்து விழுந்துபோக முடியும் என்கிறார்கள்.)

கத்தோலிக்கப் போதனையில், கடவுளின் அருள் மனிதரை உள்ளிருந்தே மாற்றுகிறது. சாவான பாவத்தால், அதாவது தெரிந்தே மனமொப்பிச் செய்யும் பெரும் பாவத்தால், அதை இழக்கலாம். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தில் திரும்பப் பெறலாம். எனவே கடவுளே தனிப்பட வெளிப்படுத்தினாலன்றி, இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவரும் முழு உறுதி கொள்ள முடியாது என 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் அறிவித்தது.

தத்தெடுக்கப்பட்ட பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் கைவிடமாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிள்ளையே வீட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விடக்கூடுமா என்பதுதான் கேள்வி.

கத்தோலிக்கர் நற்செயல்களைக் கொடுத்து மீட்பை வாங்குகிறார்கள் என்று பலர் நினைப்பது தவறு; எல்லாம் அருளில்தான் தொடங்குகிறது என்று அதே திரெந்து சங்கமும் சொல்கிறது.