முதலில் பெயரைச் சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி: எனக்கு வயது 58. தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்றதுமே, "யார் பேசறது?" என்று அதட்டலாகக் கேட்கிறார்கள். "நீங்க யாரு?" என்று திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். சம்பந்தியம்மாளோ, "என் குரல்கூடவா தெரியலை?" என்று புதிர் போடுவார். சென்ற மாதம் ஆள் தெரியாமல் ஏதோ பேசிவிட்டேன், மனத்தாங்கலாகிவிட்டது. எது முறை?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அழைத்தவர்தான் முதலில் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று கதவைத் தட்டியவர், திறந்தவரைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் "ஹலோ, ஹலோ" என்று மூன்று முறை சொல்லிவிட்டாலே கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள். அழைப்பு மணியே வேண்டாம், "ஹலோ" என்று கத்தினால் 10, 20 அடி தூரத்துக்குக் கேட்கும் என்று 1877-இல் எடிசன் எழுதினார்; ஆக, அது மணியோசைக்கு மாற்றாக வந்த சொல்லே தவிர, யாருடைய பெயரும் அன்று.

முன்பு நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகவே இருந்தது. விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு "பி.பி." என்று அச்சடித்த நாள்களில், கூப்பிடுகிறவர், "திருச்சியிலேர்ந்து பேசறேங்க, மாடியில குடியிருக்கிற கணேசனோட தம்பி, அவரைக் கொஞ்சம் கூப்பிட முடியுங்களா?" என்று ஊரையும் உறவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பார். கைப்பேசித் திரை பெயரைக் காட்டத் தொடங்கியதும், நம் எண் எல்லாரிடமும் பதிந்திருக்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது. பேசியை மாற்றியதில் எண்கள் அழிந்திருக்கலாம், பேரன் எடுத்திருக்கலாம், எடுத்தவர் கண்ணாடி போடாமல் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

பெயரை மட்டும் சொன்னாலும் நமக்குப் போதாது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. ஒருமுறை "குமார் பேசறேன்" என்று ஒருவர் என்னை அழைத்தார். அச்சகத்துக் குமார் என்று எண்ணி, காகித விலை இறங்கியதா, பாக்கி எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே போனேன். அவரும் மரியாதைக்கு "ஆமாங்க, ஆமாங்க" என்றார். கடைசியில் பார்த்தால், காதுகுத்துக்கு அழைக்க வந்த என் தங்கையின் மைத்துனர். அவர் "பழநி குமார், உங்க தங்கச்சி வீட்டுக்காரரோட தம்பி" என்று தொடங்கியிருந்தால் இருவருக்கும் சங்கடமில்லை. பெயரோடு ஊரையோ உறவையோ தொழிலையோ சேர்த்துச் சொல்வதே நமக்குப் பொருத்தம். (தம் பெயரோடு தாமே "சார்" சேர்த்துக்கொண்டு "சுந்தரம் சார் பேசறேன்" என்பவர்களை என்ன செய்வதென்று எனக்கும் விளங்கவில்லை.)

முன்பின் தெரியாத குரல் "யார் பேசறது?" என்றால், பெயரைச் சொல்லாமல், கோபமும் காட்டாமல், "உங்களுக்கு யார் வேணும்?" என்று கேளுங்கள், தவறான எண்ணாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி விவரம் கேட்டால், வைத்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

சம்பந்தியம்மாளின் புதிருக்கு ஊகத்தில் பதில் சொல்லாதீர்கள்; உங்களுக்கு வினை வந்ததே அதனால்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த போன்ல குரல் சரியா பிடிபடலை, யாருன்னு சொல்லுங்களேன்" என்று பழியைக் கருவியின் மேல் போடுங்கள். அந்த அளவு பொய் தாங்கும். சென்ற மாத மனத்தாங்கலுக்கு, அவர் அழைக்கட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே நீங்கள் அழைத்து, அவர் "ஹலோ" என்றதும், "சம்பந்தி, நான் கும்பகோணத்துலேர்ந்து உங்க மருமகளோட அம்மா பேசறேன்" என்று தொடங்கி, அன்று ஆள் தெரியாமல் பேசிவிட்டதை நீங்களே சொல்லிவிடுங்கள்.